ஆரும் எடுக்கலாம்

சண்டை ஓய்ந்து மீள்குடியேறி மூன்றாம் கிழமை, முள்ளியவளையில் தங்கள் சொந்த வளவின் பின்வேலிக்கு அப்பால் விறகு பொறுக்கப் போன கௌசலாவின் தாய் ஒரு மிதிவெடியில் கால் வைத்தார். சத்தம் கேட்டு ஓடியவளை அண்ணன் செந்தூரன் இடுப்பில் கட்டிப்பிடித்து மறித்துக்கொண்டு நின்றான். ஒன்று கிடந்தால் பக்கத்தில் இன்னொன்று கிடக்கும் என்பது அந்த நாளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவள் அண்ணனின் கையைக் கடித்தாள். இரத்தம் வரக் கடித்தாள். அவன் விடவில்லை. பற்றைக்குள்ளிருந்து தாய் "பிள்ளை, பிள்ளை" என்று கூப்பிடுவது கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை. வழி திறக்கத் தெரிந்தவர்கள் வந்து சேர்ந்தபோது அவரைப் பாயில் சுற்றுகிற வேலைதான் மிச்சம்.

கௌசலாவின் சீவியத்தை எங்கிருந்து சொல்லத் தொடங்கினாலும் அந்தப் பின்வேலியில்தான் வந்து முட்டவேண்டியிருக்கிறது.

புதைத்தவனுக்கு இடம் தெரியும். அவன் சொல்லாமல் போய்விட்டான். இந்த ஒரு நினைப்புத்தான் அவளை வெடி அகற்றும் வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நெஞ்சுக் கவசமும் முகத்தை மூடிய கண்ணாடியுமாக, முழங்காலில் இருந்து, இரும்பு வாரியால் மண்ணை உரித்து உரித்தே அவளுடைய இளமை போனது. ஒருநாள், கயிறு கட்டிப் பிரித்த பக்கத்து ஒழுங்கையில் வேலை செய்த சிவலட்சுமியின் வாரி படக்கூடாத இடத்தில் பட்டது. வாரிப் பிடியோடு ஒட்டியிருந்த இரண்டு விரல்களைக் கௌசலாதான் கழற்றிப் பொலித்தீன் பையில் போட்டு அம்புலன்சில் ஏற்றிவிட்டாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டுத் தன் ஒழுங்கைக்குத் திரும்பினாள்.

அந்த வேலைக்கு ஒரே சட்டம், கண்டதை மறைக்கக் கூடாது. வெடி கிடக்கிற புள்ளியை ஜி.பி.எஸ்.ஸில் எடுத்து, வரைபடத்தில் ஏற்றி, வழியில் போகிற மாட்டுக்காரன் முதல் எல்லோருக்கும் சொல்லவேண்டும். சொல்லாத புள்ளி ஆளைக் கொல்லும். இது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரிப் பழகிவிட்டது.

வெளிநாட்டுக் காசு நின்றதும் வேலையும் நின்றது. கொஞ்ச நிலம் துப்புரவாக்கப்படாமலே கிடந்தது. அப்படிக் கிடந்த ஒரு துண்டு, சண்டைக் காலத்துப் பழைய மண் அணைக்கு மேற்கே, காட்டோரம் இருந்தது. அதைச் சுற்றி இரும்புக் கம்பம் நட்டு மண்டையோட்டுப் பலகை கட்டியவர்களில் கௌசலாவும் ஒருத்தி. ஆறு மாதத்துக்குள் கம்பங்களைப் பிடுங்கி ஆரோ பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். ஒரு பலகை பக்கத்து ஊரில் கோழிக்கூட்டுக்குக் கதவாக இருந்ததை அவளே கண்டாள்.

வேலையில்லாமல் இருந்தவளைத் தேடி றிப்னாஸ் வந்தான். முல்லைத்தீவுப் பெடியன். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களோடு துரத்தப்பட்டுப் புத்தளத்தில் கிடந்து திரும்பிய குடும்பம். வன்னியின் பழைய இடங்களைப் படமெடுத்து, இருக்கிற இடத்தோடு சேர்த்து இணையத்தில் ஏற்றுகிற திட்டமொன்றில் பொறுப்பாக இருந்தான். காடு தெரிந்த, ஜி.பி.எஸ். பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமென்றான்.

"எங்கட பழைய பள்ளிவாசல் இருந்ததுக்கு ஒரு படம் இல்லையக்கா. வாப்பா கையைக் காட்டி, இதிலதான் இருந்தது எண்டு சொல்லுவார். நிலத்தில ஒண்டும் இல்லை. இனி ஒருத்தருக்கும் அப்பிடி வரக்கூடாது."

கௌசலாவுக்கு அந்தக் கதை பிடித்துப்போயிற்று. அவள் முதலில் எடுத்தது கூழாவடி ஐயனாரை. தூர்ந்த குளமொன்றின் கட்டடியில், பெரிய கூழா மரத்தின் கீழே, உடைந்த கல்தூண்களும், யானை செதுக்கிய ஒரு கல்லும், ஆராலும் வாசிக்க முடியாத எழுத்துகளும். செந்தூரனின் எருமைப் பட்டி அந்தக் காட்டில்தான் மேயும். வெள்ளிக்கிழமைகளில் அவன்தான் அங்கே விளக்கு வைப்பான். காட்டுக்குள் கால் வைக்கமுன் எவனும் ஒரு பச்சைக் குழையை முறித்து, வழிவாயில் நிற்கிற மரக் கொப்பில் ஐயனாருக்கென்று கொழுவிவிட்டுத்தான் உள்ளே போவான். அந்தக் குழைகளையும் படமெடுத்தாள்.

ஏற்றுகிற அன்றைக்கு றிப்னாஸ் மடிக்கணினியைத் திருப்பி வைத்தான்.

"அக்கா, உரிமம் ஒண்டு தெரிவுசெய்யவேணும். முதலாவது, ஆரும் எடுக்கலாம், எதுக்கும் பாவிக்கலாம், கீழ உங்கட பேரை மட்டும் போடவேணும். ரெண்டாவது, வியாபாரத்துக்கு எடுக்கேலாது. மூண்டாவது, எங்களைக் கேட்டுத்தான் எடுக்கலாம். இடத்தின்ர புள்ளியை மறைக்கவும் வழி இருக்கு."

"ஏன் மறைக்கவேணும்?"

"காட்டுக்குள்ள தனிய கிடக்கிற இடம். ஆக்கள் எல்லாரும் ஒரு மாதிரியில்லை."

"இடத்தை மறைச்சு வைச்சவங்களாலதான் என்ர அம்மா செத்தவா. முதலாவதைப் போடு."

"யோசிச்சுச் சொல்லுங்கோ. குடுத்தாத் திருப்பி வாங்கேலாது. எடுத்தவன் எடுத்ததுதான்."

"நான் குடுத்ததைத் திருப்பிக் கேக்கிற சாதி இல்லைத் தம்பி. போடு."

படத்துக்குக் கீழே "பரமலிங்கம் கௌசலா" என்று தகப்பன் பெயரோடு தன் பெயர் வந்ததைக் கண்டபோது அவளுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், செந்தூரன் சாப்பாட்டுக்கு வரவில்லை. கௌசலா சைக்கிளை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். வழிவாயில் ஒன்றல்ல, ஆறேழு குழைகள் புதிதாகத் தொங்கின. மண்ணில், நிலம் கிண்டுகிற பெக்கோ இயந்திரத்தின் சில்லுத் தடம் ஆழமாகக் கிடந்தது. அவள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள்.

கூழா மரத்தின் வேர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. யானைக் கல் இரண்டாகப் பிளந்திருந்தது. ஐயனாரின் சூலம் முறிந்து, பலியாகக் கழுத்தறுத்த சேவல் ஒன்றின்மேல் கிடந்தது. தோண்டிய குழியின் ஓரத்தில், எருமை கட்டுகிற கயிற்றாலேயே கட்டப்பட்டு, செந்தூரன் முகங்குப்புறக் கிடந்தான். புரட்டியபோது இடக்கண் இருந்த இடத்தில் சேறும் இரத்தமும்தான் இருந்தன. அலவாங்குக் கம்பியின் நுனியால் குத்தியிருந்தார்கள். வலது கை முழங்கையில் மற்றப் பக்கமாக மடிந்து தொங்கியது.

"மூக்கன்," என்றான் அவன், பல்லுக்குள்ளால் இரத்தம் வடிய. "பூவரசங்குளத்து மூக்கன். புதையல் தோண்டுற நாய்."

கயிற்றை அறுக்கக் குனிந்தபோது குழியின் மண்ணில் ஒரு தாள் கிடப்பதை அவள் கண்டாள். கடையில் கொடுத்து வர்ணத்தில் அச்செடுத்த தாள். கூழாவடி ஐயனார். இடத்தின் புள்ளி, ஆறு தசமத் தானம் வரை சரியாக. கீழே, அவளுடைய பெயர்.

வைத்தியர்கள் கண்ணை எடுத்துவிட்டார்கள். கையில் கம்பி வைத்தார்கள். ஆசுபத்திரி விறாந்தையில் றிப்னாஸ் அந்தத் தாளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இவங்களை உரிமத்தில பிடிக்கேலாதோ?" என்று கேட்டாள் கௌசலா.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அடிச்சதுக்குப் பிடிக்கலாம். கல்லை உடைச்சதுக்குப் பிடிக்கலாம். இதுக்கு ஏலாதக்கா. எதுக்கும் பாவிக்கலாம் எண்டு நாங்களே சொல்லியிருக்கிறம். பேரும் சரியாப் போட்டிருக்கிறாங்கள்."

உள்ளேயிருந்து செந்தூரனின் குரல் வந்தது. "உலகத்துக்கே படலையைத் திறந்து விட்டிட்டு இப்ப என்ர கண்ணுக்கு மருந்து விட வந்து நிக்கிறா! போடி அங்கால!"

மூக்கனைப் பொலிஸ் பிடித்தது. அவன் பிணையில் வந்தான். வந்த கிழமையே முள்ளியவளைச் சந்தியில் கௌசலாவின் சைக்கிளுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே விட்டான். ஐம்பது வயது மதிக்கலாம். நெற்றியில் திருநீறு. சிரித்த முகம்.

"தங்கச்சி, படம் நல்லா எடுக்கிறாய். இன்னும் போடு. நாங்கள் பாத்துக்கொண்டுதான் இருக்கிறம்."

"விலத்து."

"கொண்ணன் செந்தூரனிட்டைச் சொல்லு, மற்றக் கண் இருக்கு எண்டு. வழக்கை நடத்தினா அதையும் எடுப்பன்."

வீட்டுக்கு வந்து சொன்னாள். செந்தூரன் கதிரையில் இருந்தபடி, ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்க்காமலே, "வாற வெள்ளி விளக்கு வைக்கப் போவன். வழக்கையும் நடத்துவன். வந்து எடுக்கட்டும்," என்றான். அவன் போவான் என்பது அவளுக்குத் தெரியும். அம்மா கூப்பிடக் கூப்பிட அவளை விடாமல் பிடித்த அதே பிடிவாதம்தான்.

அன்று பின்னேரம் அவள் தன் பழைய படங்களைத் தட்டினாள். குளத்து மதகின் வாயை மூடிய ஒரு பலகைக் கல், ஓரத்தில் பூவேலை செதுக்கியது. இன்னும் ஏற்றாத படம். அதை ஏற்றினாள். "கல்லால் மூடிய நிலவறை வாய். இதுவரை திறக்கப்படவில்லை," என்று எழுதினாள். புள்ளி கேட்ட கட்டத்தில், பழைய மண் அணைக்கு மேற்கே, தான் கம்பம் நட்டு, கம்பம் களவுபோன அந்தத் துண்டின் நடுவைக் கொடுத்தாள். அந்த எண்களை அவள் எங்கேயும் பார்க்கவேண்டியிருக்கவில்லை. மனப்பாடம். உரிமம் கேட்டது. ஆரும் எடுக்கலாம், எதுக்கும் பாவிக்கலாம். அழுத்தினாள்.

மண்ணைத் தோண்டி, மிதிவெடிப் பெட்டியை வைத்து, மேலே இலை தூவி மூடுவதற்கு எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம்தான் எடுத்தது. அது அவளுக்கு விளங்கியது. விளங்கியும் போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

சில நாள் கழித்து றிப்னாஸ் சந்தோசமாகத் தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, உங்கட மூடின கல்லு பிச்சுக்கொண்டு போகுது! சுற்றுலாக்காரற்ற ஆப் ஒண்டு எடுத்துப் போட்டிருக்கு. ஓமந்தைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறதுக்குப் போட்டு வைச்சிருக்கு. எனக்குச் சொல்லாமல் ஏத்திப்போட்டியள், பரவாயில்லை."

கௌசலா எழும்பிவிட்டாள். "அதை எடு."

"என்ன?"

"இப்பவே அழி. எல்லா இடத்திலையும் அழி."

"எங்கட பக்கத்தில அழிக்கலாம். மற்றவை எடுத்ததை நான் எப்பிடி அழிக்கிறது? திருப்பி வாங்கேலாது எண்டு அண்டைக்கே சொன்னனான்தானே. என்ன, படம் பிழையோ?"

"இடம் பிழை."

"அப்ப அது எந்த இடம்?"

அவள் சொன்னாள்.

"அக்கா," என்றான் றிப்னாஸ், "அதுக்குள்ள வெடி கிடக்கெண்டு தெரிஞ்சே போட்டனீங்கள்?"

"பள்ளிக்கூடத்துக்கு எடுத்துச் சொல்லு. ஆப்காரனுக்கு எழுது. நான் வழியை மறிக்கப் போறன்."

விடியப் புறப்பட்டாள். சிவப்பு வெள்ளை நாடாச் சுருள், சிவப்புப் பெயின்ற் தகரம், காட்டுக் கத்தி. மண் அணையைத் தாண்டி, துண்டுக்குப் போகிற ஒற்றையடி வழியின் வாயில் சைக்கிளை நிறுத்தினாள். பாலை மரக் கொப்பில் இரண்டு குழைகள் தொங்கின. முறித்த இடத்தில் பால் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

யாரென்று தெரியாது. மூக்கனாக இருக்கலாம். படத்தைக் கண்டு ஆசையோடு வந்த ஒரு பிள்ளையாகவும் இருக்கலாம். ஆரும் எடுக்கலாம் என்று அவள்தான் எழுதினாள்.

"நில்லுங்கோ! உள்ளுக்கை நிக்கிறவை அப்பிடியே நில்லுங்கோ! வெடி கிடக்கு!"

கத்திக்கொண்டு ஓடியவளின் முகத்தில் காற்று அடித்தது. பிறகுதான் சத்தம் கேட்டது. பற்றைக்கு மேலே கறுப்பு மண் எழும்பி, மழை மாதிரிக் கொட்டியது. ஒருத்தன் தலைதெறிக்க வெளியே ஓடிவந்து, அவளை இடித்து விழுத்திவிட்டு, எங்கோ மறைத்து வைத்திருந்த மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போனான்.

உள்ளே மூக்கன் கிடந்தான். நிலத்துக்குள் உலோகம் தேடுகிற அவனுடைய மெசின் அந்தப் பக்கம் உடைந்து கிடந்தது. வெண்கலத்துக்கும் பொன்னுக்கும் கத்துகிற மெசின். ஊசி நுனியளவு இரும்பு வைத்த பிளாஸ்டிக் வெடிக்கு அது வாயைத் திறக்காது. இடக்கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. முறித்த மரவள்ளிக் கிழங்கு மாதிரி எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. சப்பாத்து, உள்ளே இருந்ததோடு சேர்த்து, ஒரு பற்றையில் தொங்கியது.

"பிள்ளை," என்றான் அவன். "பிள்ளை, பிள்ளை."

இந்த முறை அவளை இடுப்பில் பிடித்து மறிக்க ஒருவரும் இல்லை. ஆனாலும் அவள் நின்றாள். இரத்தம் மண்ணில் பாய்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போகட்டும் என்றது மனம். அண்ணனின் கண்ணுக்குப் போகட்டும். பிளந்த கல்லுக்குப் போகட்டும். இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் போதும், சத்தம் தன்பாட்டில் நின்றுவிடும். அப்படி நிற்கும் என்பதைக் கேட்டு அறிந்தவள் அவள்.

கூப்பிடுகிற குரல் சிறுத்தது. சிறுத்த அந்த இடத்தில் அவளுடைய முழங்கால் தானாக மடங்கியது.

குப்புறப் படுத்து, கத்தியைச் சரிவாகப் பிடித்து, ஒரு சாண் விட்டு ஒரு சாண் மண்ணைக் குத்திக்கொண்டு போனாள். கவசமில்லை, கண்ணாடியில்லை. குத்திய இடமெல்லாம் ஒவ்வொரு இலை வைத்தாள். பாதி வழியில் கத்தி நுனி வழுவழுப்பான ஒன்றில் தட்டியது. அவள் மூச்சை விடாமல் கத்தியை எடுத்து, அதில் சிவப்புப் பெயின்றை ஊற்றிவிட்டு, வளைந்து போனாள்.

மூக்கன் எழும்பப் பார்த்தான்.

"கிட! அசைஞ்சாயெண்டா ரெண்டு பேரும் முடிஞ்சம்!"

"என்னை விட்டிட்டுப் போகாதை தங்கச்சி..."

"வாயைப் பொத்து."

அவனுடைய சேர்ட்டைக் கிழித்துத் தொடையில் சுற்றி, பக்கத்தில் கிடந்த கொப்பை முறித்துச் செருகி முறுக்கினாள். அவன் கத்திய கத்தலில் பாலை மரத்துக் குரங்குகள் பாய்ந்து ஓடின. இன்னும் முறுக்கினாள். தேவைக்கு மேலேயும் ஒரு முறுக்கு முறுக்கினாள்.

"போனிலை இந்த இடமெண்டுதான் காட்டினது," என்று முனகினான்.

"தெரியும்," என்றாள் கௌசலா.

கக்கத்தில் கை கொடுத்து, இலை வைத்த வழியால் பின்புறமாக அவனை இழுத்து வெளியே கொண்டுவந்து போட்டுவிட்டு அம்புலன்சைக் கூப்பிட்டாள். அது வரும்வரை அவனுடைய இரத்தம் தன் கையில் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் செந்தூரனுக்குச் செய்தி முந்திக்கொண்டு வந்திருந்தது. கம்பி வைத்த கையை மடியில் வைத்துக்கொண்டு, பல நாளுக்குப் பிறகு சிரித்தான்.

"அவன்ர கால் போயிட்டுதாம். ஐயனார் பாத்திட்டார்."

கௌசலா கிணற்றடியில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். "ஐயனார் இல்லை அண்ணை. நான்தான்."

முழுவதையும் சொன்னாள். கல்லை, புள்ளியை, பள்ளிக்கூடத்தை, குழையை. செந்தூரனின் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று தெரியவில்லை. சொல்லி முடித்தபோது அவன் பின்வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பள்ளிக்கூடப் பிள்ளையளோ?" என்றான். கொஞ்சம் பொறுத்து, "அதிலையும் கீழ உன்ர பேர் கிடக்கோ?"

"ஓம்."

"உங்கட உரிமச் சட்டத்தில அந்த ஒண்டுதான் பிசகாமல் நடக்குது போல," என்று சொல்லிவிட்டு அவன் எழும்பி உள்ளே போனான்.

அடுத்த நாள் அவள் பொலிசுக்குப் போய்த் தன் வாயால் சொன்னாள். அதனால் இப்போது அவள்மேலும் ஒரு வழக்கு இருக்கிறது. தவணை நாள்களில் ஒற்றைக் கண் செந்தூரனும் ஒற்றைக் கால் மூக்கனும் அவளும் நீதிமன்ற விறாந்தையில் ஒரே மர வாங்கில் இருக்கவேண்டி வருகிறது. ஒருமுறை மூக்கனின் ஊன்றுகோல் விழுந்தது. செந்தூரன் அதைக் காலால் தள்ளி அப்பால் விட்டான். கௌசலா எடுத்துக் கொடுத்தாள். மூக்கன் வாங்கிக்கொண்டு காறித் துப்பினான்.

பள்ளிக்கூடம் வரவில்லை. ஆப்காரன் பல கடிதத்துக்குப் பிறகு அழித்தான். ஆனால் அதிலிருந்து எடுத்தவர்கள், எடுத்தவர்களிடமிருந்து எடுத்தவர்கள், காணொளி செய்து போட்டவர்கள் என்று மூடிய கல் இன்னும் எங்கெங்கோ திறந்து கிடக்கிறது. துண்டைத் துப்புரவாக்க ஆள் வருமென்கிறார்கள், எப்போதென்று சொல்லத் தெரியவில்லை. கௌசலா திரும்பவும் கம்பம் நட்டாள். இந்த முறை இரும்பில்லை, பூவரசந் தடி. களவெடுக்க ஒருத்தனும் வரமாட்டான், மழைக்குத் துளிர்த்தும் விடும். சனி ஞாயிறுகளில் அவளே போய் அந்தப் பாலை மரத்தடியில் இருக்கிறாள்.

போன ஞாயிறு இரண்டு மோட்டார் சைக்கிளில் நாலு பேர் வந்து இறங்கினார்கள். பெரிய படிப்புப் படிக்கிற பிள்ளைகள் என்று கதையில் தெரிந்தது. ஒருத்தி குழை முறிக்கக் கையை நீட்டினாள்.

"திரும்பிப் போங்கோ," என்றாள் கௌசலா. "உள்ளுக்கை வெடி கிடக்கு. அந்தக் கல் இதிலை இல்லை."

அந்தப் பெட்டை தொலைபேசியை நீட்டிக் காட்டினாள். "இல்லையக்கா, இந்த இடமெண்டுதான் வடிவாப் போட்டிருக்கு. சும்மா ஆரோ போட்டதில்லை. எடுத்தவான்ர பேரும் கீழ இருக்கு, பாருங்கோ. பரமலிங்கம் கௌசலா."

"அந்தக் கௌசலா நான்தான் பிள்ளை," என்றாள் அவள், எழும்பி வழிக்குக் குறுக்கே வந்து நின்று. "மோட்டார் சைக்கிளைத் திருப்பு."